வளைவிலிருந்து இறங்கிய பெயர்

காதர் பாய் எஞ்சினை அணைத்துவிட்டார்.

பாரம் ஏறிய வண்டியை நடுரோட்டில் அணைக்கிற ஆள் இல்லை அவர். எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தாலும் உறுமவிட்டபடியே வைத்திருப்பார். அன்று சாவியைத் திருப்பினார். பிரேக்கின் காற்று புஸ்ஸென்று இறங்கிய பிறகு அந்த ஊரின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தன. யார் வீட்டிலோ குக்கர் விசில். ரோஜாத் தோட்டத்து மோட்டார். எங்களைப் பார்த்து விடாமல் குரைத்துக்கொண்டிருந்த ஒரு நாய்.

"ஸ்டெல்லாம்மா, இது போகாது," என்றார் இறங்கி வந்து.

"நான் அளந்திருக்கேன் பாய்."

"அளந்தீங்க. இல்லேங்கல. இப்போ போகாது. கம்பைப் பிடிச்சுப் பாருங்க."

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. சாதாரண லாரியில் அடங்காத சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து கொண்டுவரும் கம்பெனியில் இத்தனை வருஷமும் வேலை பார்த்தேன். வழி பார்ப்பது என் வேலை. முன்கூட்டியே போய் பாலம், மரக்கிளை, மின்கம்பி, வளைவு எல்லாவற்றையும் அளந்துவிட்டு வருவேன். சரக்கு கிளம்பியதும் முன்னால் ஜீப்பில் நான் போவேன். பின்னால் காதர் பாயின் இழுவை வண்டி, அதற்குப் பின்னால் தாழ்வான நீண்ட டிரெய்லர், அதன் மேல் மெஷின், மெஷின் மேல் மின்கம்பிகளைக் கழியால் தூக்கிவிட இரண்டு பேர்.

அளவுக் கம்பு என்பது வேறொன்றும் இல்லை, ஒரு மூங்கில். சரக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். அதை நிமிர்த்திப் பிடித்து அடியில் நடந்தால் போதும். கம்பு போனால் வண்டி போகும்.

நான் பிடித்து நடந்தேன். டங் என்று இடித்தது.

தலைக்கு மேலே இரும்புக் குழாயில் ஒரு வளைவு. அதன் அடியில் ஒரு குறுக்குக் கம்பி. அந்தக் கம்பியின் மேல் இரும்புத் தகட்டில் வெட்டிய கன்னட எழுத்துக்கள். சதீஷ் நினைவு வளைவு. என் கம்பு இடித்தது அந்தக் குறுக்குக் கம்பியில். நாலு விரல் போதவில்லை.

எங்களுக்காகப் போட்ட ரோடு

ஊர் அத்திபெலேயிலிருந்து உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம். அதைத் தாண்டினால் ஒரு பழைய மாநிலச் சாலையைப் புதுப்பிக்கும் கான்ட்ராக்டரின் கேம்ப். சரக்கு அங்கேதான் இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது, இருக்கிற ஒரே மாற்றுப் பாதையில் ஒரு கல்பாலம், அது எங்கள் எடையைத் தாங்காது.

வழி பார்க்க வந்தபோது இதே வளைவின் அடியில் இதே கம்போடு நடந்திருக்கிறேன். டிரெய்லரின் ஆக்சிலை முழுவதும் இறக்கினால் நாலு விரல் இடைவெளியோடு நுழைந்துவிடும். அன்றைக்குப் பார்த்த இடைவெளியும் நாலு விரல், இன்றைக்குக் குறைவதும் நாலு விரல். கம்பு வளர்ந்திருக்க முடியாது. வளைவு இறங்கியிருக்க முடியாது.

அப்போதுதான் மூக்கில் ஏறியது, புதுத் தார் வாசனை. குனிந்து பார்த்தேன். அன்று பள்ளமும் மேடுமாக இருந்த ரோடு கரும்பலகை போலக் கிடந்தது.

கேம்ப்பிலிருந்து இன்ஜினியர் மஞ்சுநாத் பைக்கில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும், கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், ரோடு ஹேகிதே, எப்படி இருக்கு? நானே நின்னு போட வெச்சேன். பள்ளத்துல மெஷின் குலுங்கக் கூடாதுன்னு ரெண்டு கோட்."

"எதுக்கு?"

"உங்க வண்டிக்காகத்தான் மேடம்."

"பழைய தாரைச் சுரண்டிட்டுப் போட்டீங்களா, அதுக்கு மேலேயே போட்டீங்களா?"

"சுரண்டற மெஷின் இதானே மேடம்? இது வந்தாத்தானே சுரண்ட முடியும்?"

டிரெய்லர் மேல் தார்பாய் போர்த்தி உட்கார்ந்திருந்தது அதேதான். ரோட்டைச் சுரண்டும் மெஷின். வயிற்றுக்கு அடியில் பெரிய உருளை, உருளையைச் சுற்றிலும் பல் பல்லாக இரும்பு. அது ஊர்ந்துபோனால் பழைய தார் தூளாகி முன்னால் போகும் லாரியில் போய் விழும். அதன் பிறகு புதுத் தார் போட்டால் ரோட்டின் உயரம் ஏறாது. அதற்காகவே செய்த மெஷினை வரவேற்க, சுரண்டாமல் ரோடு போட்டு, ரோட்டை உயர்த்தி, அந்த மெஷினையே உள்ளே நுழைய முடியாமல் செய்திருந்தார்கள்.

நான் சிரித்தேன். சிரித்த வாயோடு கத்தவும் செய்தேன். "பொண்ணு பார்க்கவா வந்தோம், கோலம் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மற்றதை எழுத முடியாது. மஞ்சுநாத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

துறைமுகத்தின் மௌனம்

மெஷின்கள் கப்பலில் எப்படி வருகின்றன என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த இடத்தில் சொன்னால்தான் பொருந்தும்.

செத்த மாதிரி வரும். டீசல் வடித்திருக்கும், பேட்டரி கழற்றியிருக்கும், கண்ணாடியெல்லாம் பலகை அடித்து மூடியிருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் தனிப் பெட்டியில் இருக்கும். விற்ற கம்பெனியின் ஆள் வந்து உயிர் கொடுக்கும் வரை அது வெறும் இரும்பு. அதனால்தான் வளைவின் முன்னால் நின்றபோது, இறக்கி ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்ன யோசனை பலிக்கவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் கிரேன் அதைத் தூக்கி டிரெய்லர் மேல் வைக்கும் நேரத்தில் யாரும் பேச மாட்டோம். யாரும் சொல்லிக்கொடுத்த விதி இல்லை. பேச்சு தானாக நின்றுவிடும். உப்புக் காற்றும் கிரீஸ் வாசனையும் மட்டும் இருக்கும். டிரெய்லர் முனகிக்கொண்டு கீழே அமுங்கும். டயர்கள் எல்லாம் ஒரே மாதிரி அமுங்கினவா என்று காதர் பாய் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

பிறகு ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஆம்பூரில் ஆட்களுக்குப் பிரியாணி வாங்கித் தராவிட்டால் என்னை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். கிருஷ்ணகிரி தாண்டிய ஏற்றத்தில் எங்களைச் சைக்கிள்காரர்கூட முந்திப் போவார். பின்னால் தேங்கி நிற்கும் கார்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். ரோடு சரியில்லை என்று புலம்புகிறவர்களும் அவர்கள்தான், ரோடு போடும் மெஷினுக்கு வழிவிடாதவர்களும் அவர்கள்தான்.

எங்கள் வீட்டுப் படிகள்

ரோடு உயர்வது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குத் தெருவிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்படி. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஒரு படி காணாமல் போனது. எனக்குக் கல்யாணமானபோது தெருவும் வாசலும் ஒரே மட்டம். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் பக்கத்துச் சர்ச் மைதானத்துத் தண்ணீரெல்லாம் எங்கள் ஹாலுக்குத்தான் வரும்.

அப்பா சாகும்வரை கார்ப்பரேஷனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை வந்த அதிகாரி, "உங்க வீடுதான் சார் பள்ளத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

நாங்கள் இழந்தது நனைந்துபோன பாயும் சோபாவும் மட்டும்தான். அதற்கே எனக்கு இத்தனை வருஷக் கோபம் இருக்கிறது. அந்த வளைவின் அடியில் நின்றபோது, இதைவிடப் பெரிய கோபத்துக்கு உரிமை உள்ளவர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

வண்டியை ஸ்டாண்ட் போட்டவர்

மஞ்சுநாத் சுலபமான வழி ஒன்று சொன்னார். "கீழ இருக்கற அந்தக் கம்பியை மட்டும் கேஸ் கட்டர்ல எடுத்துட்டா போதும் மேடம். அரை மணி நேரம். அப்புறம் நாங்களே கிரானைட்டுல ஜோரா கட்டிக் குடுத்துடறோம்."

கூட்டத்தில் நின்ற ஒரு அம்மா உடனே தடுத்தார். "அதைத் தொடாதீங்க. கோவிந்தசாமி அண்ணனுக்குப் போன் போட்டிருக்கோம், வந்துட்டிருக்காரு. அது அவர் புள்ளை பேரு."

கோவிந்தசாமி ஒரு பழைய மொபெட்டில் வந்தார். அம்பது வயதைத் தாண்டியவர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து அத்திபெலேயில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருப்பவர் என்று கூட்டத்திலேயே யாரோ சொன்னார்கள். சட்டையில் வெல்டிங் பொறி தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வளைவுக்கு நேர் கீழே, எங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால், மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எடுக்கக் கூடாதுங்க," என்றார்.

மஞ்சுநாத் கிரானைட்டைப் பற்றி மறுபடியும் சொன்னார்.

"சார், அது ஒவ்வொரு எழுத்தும் நான் வெட்டினது. என் பட்டறையில, என் கையால. நீங்க கல்லுல எழுதிக் குடுத்தா அது உங்க எழுத்து."

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். வண்டி போவதற்கான அனுமதி கையில் இருந்தது, அது அன்று சாயந்திரத்தோடு தீர்ந்துவிடும். எங்களுக்குப் பின்னால் ஸ்கூல் வேன் ஒன்று, பால் வண்டி ஒன்று, ரோஜாக் கட்டுகள் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றிருந்தன. அந்த வளைவை யாரும் முறையாக அனுமதி வாங்கிக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போலீஸுக்கு ஒரு போன் அடித்தால் கதை முடிந்துவிடும். நான் போனைக் கையில் எடுத்தேன்.

காதர் பாய் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "மய்யத்து வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு போலீஸைக் கூப்பிடாதீங்கம்மா."

"செத்து எத்தனை வருஷமாச்சோ பாய்."

"அவர் மொகத்தைப் பாருங்க. இன்னிக்குத்தான்."

போனைப் பைக்குள் போட்டேன். மஞ்சுநாத்தை டீ வாங்கிவர அனுப்பினேன், டீ வேண்டும் என்பதற்காக இல்லை. ரோட்டோரம் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தேன்.

பட்டறை வாசல்

கோவிந்தசாமியேதான் பேச்சை ஆரம்பித்தார். தார்பாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அது என்ன மெஷினுங்க?"

சொன்னேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்கும், அப்புறம் புதுசு போட்டால் உயரம் ஏறாது என்று.

அவர் தார்பாயை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மொபெட்டிலிருந்து இறங்கி ரோட்டின் ஓரத்துக்குப் போனார். தார் முடிந்து மண் ஆரம்பிக்கும் இடம். அங்கே தார் ஒரு படி மாதிரி நின்றது. புது ரெண்டு கோட்டும் அதன் மேல் ஏறியதில் அந்தப் படி இன்னும் உயர்ந்திருந்தது.

"எதிர்ல பஸ் வந்துச்சு. சாயந்திரம், நல்ல வெளிச்சம். சின்ன ரோடுதானே, பைக்குல வந்த சதீஷ் ஒதுங்கிக் குடுத்திருக்கான். முன் சக்கரம் தாரை விட்டு எறங்கிடுச்சு. மறுபடியும் மேல ஏத்தப் பார்த்திருக்கான். சக்கரம் இந்த ஓரத்துல இடிச்சு ஹேண்டில் திரும்பிடுச்சு. அப்போ இந்த ஒசரம் இருந்துச்சுங்க." விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினார். "பஸ்காரன் மேல தப்பில்ல. இவன் மேலயும் தப்பில்ல. ஸ்டேஷன்ல, தானா விழுந்தான்னு எழுதிக்கிட்டாங்க."

"என்ன படிச்சான்?"

"டிப்ளமோ. முடிச்சுட்டு என்கூடத்தான் பட்டறையில இருந்தான். வேற வேலைக்குப் போடான்னேன். கேக்கல."

அவர் தாரின் ஓரத்தைக் காலால் தட்டினார்.

"இந்த ரோடு முன்னாடி மண்ணு மட்டத்துக்குத்தான் இருந்துச்சுங்க. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஒரு கோட். ஓரத்துலயாவது மண்ணைக் கொட்டுங்கன்னா யாரும் கொட்டல." தார்பாய்ப் பக்கம் திரும்பினார். "இந்த மெஷின் இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். நாக்கு எழவில்லை.

"இல்லீங்க. ரொம்ப நாளா இருக்கு. நானே அஞ்சாறு கொண்டுவந்திருக்கேன். எல்லாம் பெரிய ரோட்டு வேலைக்குப் போயிடும்."

"எந்த வழியா கொண்டுவருவீங்க?"

"ஓசூர் ரோடுதான்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "அப்போ என் பட்டறை வாசல்லயே போயிருக்கும்."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் எழுந்து ஜீப்புக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அழவில்லை என்று சொல்லப்போவதில்லை.

மஞ்சுநாத் டீயோடு வந்தபோது கோவிந்தசாமி தன் நிபந்தனையைச் சொன்னார்.

"பேரை நானே எடுத்துத் தர்றேன் சார். ஆனா இந்த மெஷின் முதல்ல இந்த ரோட்டைச் சுரண்டணும். இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும். மண்ணு மட்டத்துக்கு."

"ஐயோ, அது என் கையில இல்லைங்க," என்றார் மஞ்சுநாத். "இது பஞ்சாயத்து ரோடு. எங்க வேலை அந்தப் பெரிய ரோடு. மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கோபம் சில சமயம் மூளையை வேலை செய்ய வைக்கும்.

"மஞ்சுநாத், புது மெஷினுக்கு ட்ரையல் ஓட்டணுமா, வேண்டாமா?"

"ஓட்டணும் மேடம். கம்பெனி ஆளு வந்து ஓட்டிக் காட்டித்தான் ஒப்படைப்பாரு."

"எங்க ஓட்டுவீங்க? பஸ்ஸும் லாரியும் போற பெரிய ரோட்டுலயா? அங்க வெட்டற ஆழம் தப்பிப்போய், பாதியில நின்னு, எல்லாரும் பார்த்துச் சிரிக்கவா? பழைய தாரு, பல கோட், ட்ராஃபிக் இல்லாத ரோடு, கேம்ப் வாசல்லயே இருக்கு. இதை விட்டா உங்களுக்கு ட்ரையலுக்கு வேற ரோடு கிடைக்குமா?"

அவர் யோசித்தார். போனை எடுத்துக்கொண்டு ரோஜாத் தோட்டத்து வேலியோரமாக நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பேசிக்கொண்டே போனார், பேசிக்கொண்டே வந்தார். கோவிந்தசாமி அவரைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி அந்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆய்து, முடிஞ்சது," என்றார் மஞ்சுநாத் திரும்பி வந்து. "ட்ரையல் இங்கேயே. மேல புதுசும் போட்டுத் தர்றோம். மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. பஞ்சாயத்துல சம்மதிக்கணும், அவ்ளோதான்."

பஞ்சாயத்து மெம்பர் அங்கேயேதான் நின்றிருந்தார். இலவசமாக ரோடு போட்டுத் தருகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா.

தரையில் படாமல்

கோவிந்தசாமி பட்டறைக்குப் போய் ஏணியும் கேஸ் கட்டரும் கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் உதவ வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"எழுத்து எதுவும் தனியாக் கழண்டு விழக் கூடாதுங்க. கம்பியோட முழுசா வரணும்."

மெஷின் மேல் உட்கார்ந்து கம்பி தூக்கும் இருவரும் இன்னும் இரண்டு பேரும் ஏணிகளில் ஏறி அதைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு முனையில் ஆரம்பித்தார். நெருப்புப் பொறி அவர் கைமேல் கொட்டியது. தன் கையால் வைத்த வெல்டிங்கைத் தன் கையால் அறுத்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கி, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

பெயர் இறங்கியது. எங்கள் ஆட்கள் அதைத் தரையில் வைக்கவில்லை. யாரும் சொல்லாமலே நாலு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த அவர் வீடு வரை நடந்தார்கள். கோவிந்தசாமி பின்னால் போனார். அது எதைப் போல இருந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஸ்கூல் வேன் டிரைவர் இறங்கி நின்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

காதர் பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. நெருக்கமான இடத்தில் வண்டியை விடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்துவிட்டு வருவார். முதலில் கால், அப்புறம்தான் சக்கரம். தனியாகத்தான் நடப்பார், யாரையும் கூட வர விட மாட்டார். அன்று கோவிந்தசாமி திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

"அண்ணே, நீங்களும் வாங்க. சேர்ந்து நடப்போம்," என்று பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் வெறுங்காலோடு வளைவின் அடியில் நடந்துபோய்த் திரும்பினார்கள். பிறகு வண்டி ஊர்ந்தது. வளைவுக்கும் மெஷினுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி. ஹாரன் அடிக்கவில்லை, ஆட்கள் வழக்கம்போலக் கத்தவில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் கை தட்டவில்லை.

சோதனை ஓட்டம்

அதற்குப் பிறகு பல நாட்கள் ஒரு தகவலும் இல்லை. எனக்குத் தூக்கம் கெட்டது. எங்கள் வேலை சரக்கை இறக்கியதோடு முடிந்தது, ஆனால் அந்த யோசனை என் வாயிலிருந்து வந்தது. பெயரை இறக்க வைத்துவிட்டு ரோட்டை மறந்துவிட்டால் அந்த மனுஷன் எங்களை என்னவென்று நினைப்பார். மஞ்சுநாத்துக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். கம்பெனி ஆள் வரவில்லை மேடம், பெட்டி ஒன்று வரவில்லை மேடம். கடைசியில் என் போனை எடுப்பதையே விட்டார். மேனேஜர் மனசு மாறிவிட்டாரோ என்று பயந்தேன்.

ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். "மேடம், இன்னிக்கு ஓட்டறோம். வர்றீங்களா?"

நானும் காதர் பாயும் போனோம். ஊரே ஓரத்தில் நின்றிருந்தது. மெஷினுக்கு உயிர் வந்திருந்தது. அடிவயிற்றில் உருளை இறங்கி ரோட்டைத் தொட்டதும் தரை அதிர்ந்தது, என் பல்லுக்குள் கூசியது. பழைய தார் கறுப்புத் தூளாக முன்னால் போன லாரியில் கொட்டியது. சூடான தார் வாசனையும் மண் வாசனையும் கலந்து வந்தன.

அரைத்து முடிந்த இடத்துக்கும் அரைக்காத இடத்துக்கும் நடுவில் ரோடு வெட்டுப்பட்டு நின்றது. வெட்டில் வரி வரியாகத் தெரிந்தது, ஒவ்வொரு கோட்டும் ஒரு வரி. கோவிந்தசாமி குந்தி உட்கார்ந்து மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"இதுதான். அன்னிக்கு மேல இருந்தது இது."

சிவப்பு ஜல்லி கலந்த ஒரு வரி. அதற்கு மேல் எத்தனையோ ஏறிவிட்டிருந்தது. மெஷின் திரும்பி வந்தபோது அவர் எழுந்து வழிவிட்டார். அந்த வரியும் தூளாகி லாரியில் போனது. அதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

அடுத்த வாரம் புதுத் தார் போட்டார்கள். ரோடு ஆறி, வண்டி விட ஆரம்பித்த பிறகு, கோவிந்தசாமி பெயரை மறுபடி வளைவில் வெல்டிங் வைக்கும் நாளன்று என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். பெயர் ஏறிவிட்டது. அறுத்த இடத்தில் மட்டும் புது வெல்டிங் பளபளவென்று தெரிந்தது. அவருடைய மனைவி வீட்டு வாசலிலேயே நின்றார், பக்கத்தில் வரவில்லை.

அவர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தார். ரோட்டில் கொஞ்ச தூரம் போய், திரும்பி, எங்களை நோக்கி வந்தார். மகன் விழுந்த அந்த இடம் வந்ததும் ஹேண்டிலை ஓரமாகத் திருப்பினார். முன் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. மறுபடி தாரில் ஏறியது. ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை.

திரும்பிப் போய் மறுபடியும் வந்தார். அதே இடம், அதே மாதிரி இறங்கி ஏறினார். இந்த முறை வேகமாக. சக்கரத்துக்கு எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது முறை அங்கேயே நிறுத்திவிட்டார், ஒரு சக்கரம் தாரிலும் ஒரு சக்கரம் மண்ணிலுமாக. நான் பக்கத்தில் போனேன்.

"இவ்ளோதானா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன்.

அவர் ஸ்டாண்டைக்கூடப் போடாமல், ஹேண்டிலைப் பிடித்த கைகளின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.